சுங்கை சிப்புட்டுக்குக் குடிவருகிறவர்களுக்கு: போகவர, பொழுதைக் கழிக்க

மாற்றலில் வரும் ஆசிரியர்களும், ஈப்போ வாடகை கட்டுபடியாகாமல் இந்தப் பக்கம் வீடு தேடும் இளம் குடும்பங்களும், உணவகத்திலோ கோயிலிலோ வேலை கிடைத்துத் தமிழ்நாட்டிலிருந்து வரும் தம்பிகளும் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டில் இறங்கியதும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "இங்க என்னங்க இருக்கு?" டவுனை மட்டும் பார்த்தால் அந்தக் கேள்வி நியாயம்தான். முதலாம் கூட்டரசு சாலை ஊரின் நடுவே போகிறது. அதன் இரு பக்கமும் கடைவீடுகள், வங்கி, சந்தை, பெட்ரோல் நிலையங்கள். அரைமணி நேரத்தில் சுற்றி முடித்துவிடலாம்.

ஆனால் இது தோட்டங்களுக்காக உண்டான டவுன். சம்பளம் வாங்கியவர்கள் சாமான் வாங்கவும், படம் பார்க்கவும், ஆஸ்பத்திரிக்குப் போகவும் வந்து சேர்ந்த இடம். ஊரின் பெரும்பகுதி இன்னமும் அந்தத் தோட்டத்துப் பாதைகளில்தான் விரிந்து கிடக்கிறது. அதனால் இங்கே பழக வேண்டுமானால் சாலைப் பெயர்களை விடத் தோட்டத்துப் பெயர்கள்தான் முதலில் கைகொடுக்கும்.

முதல் நாள்: பெயர்களும் முகவரியும்

கமுனிங், டவன்பி, ஹேவூட், எல்பில், சங்காட் சாலாக். இந்தப் பெயர்களைக் காதில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். வழி கேட்டால் பெரியவர்கள் இவற்றை வைத்துத்தான் சொல்வார்கள். "டவன்பி போற ரோட்டுல நேரா போ, கோயில் வரும், அதைத் தாண்டி லெஃப்ட்" என்பார்கள். அதே இடத்துக்கு நகராண்மைக் கழகம் வைத்த பலகையில் வேறொரு பெயர் இருக்கும். ரப்பர் மரம் போய்ச் செம்பனை வந்து, பல இடங்களில் செம்பனையும் போய்த் தாமான் என்கிற வீடமைப்புப் பகுதி வந்துவிட்டது. பேச்சில் மட்டும் தோட்டம் அப்படியே இருக்கிறது.

அடுத்து, உங்களையும் கேட்பார்கள்: "நீங்க எந்தத் தோட்டம்?" கோலாலம்பூரில் பிறந்து வளர்ந்தவருக்கு இது விநோதமாகத் தெரியலாம். தாத்தா பாட்டி வேலை பார்த்த தோட்டத்தின் பெயர் தெரியாவிட்டால் வீட்டுக்கு ஃபோன் போட்டுக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கெடாவில் இருந்தாலும் ஜொகூரில் இருந்தாலும் பரவாயில்லை. கேட்டவருக்கு அங்கே ஒரு சம்பந்தியோ சித்தப்பாவோ இருக்க வாய்ப்பு அதிகம். வயதில் மூத்தவர்களை ஐயா, அம்மா என்றும், கடைக்காரர்களை அண்ணே, அக்கா என்றும் கூப்பிட்டால் சரி. மலாய்க்காரப் பெரியவர்களுக்கு பாக்சிக், மாக்சிக். சீனக் கடை முதலாளிக்கு தவுக்கே.

முகவரி எழுதும்போது ஊர்ப் பெயருக்குப் பின்னால் உத்தாரா என்பதையும் 31100 என்ற அஞ்சல் எண்ணையும் விடாமல் எழுதுங்கள். மலாக்கா பக்கமும் ஒரு சுங்கை சிப்புட் இருக்கிறது. இணையத்தில் பொருள் வாங்குகிறவர்களுக்கும், வீட்டுக்கு வர வழி கேட்கும் உறவினர்களுக்கும் இது முக்கியம்.

முதல் வாரம்: வீடும் காகிதங்களும்

வாடகைக்குப் பெரும்பாலும் தாமான் தரைவீடுகள்தான் கிடைக்கும். அடுக்குமாடி தேடாதீர்கள். முன்பணமாக இரண்டு மாத வாடகையும், மின்சாரம் தண்ணீருக்கென்று தனியாக ஒரு தொகையும், முதல் மாத வாடகையும் கேட்பது வழக்கம். கையில் பணம் கொடுக்குமுன் தெனாகா நேஷனல் மின்சார பில்லையும் பேராக் நீர் வாரியத்தின் பில்லையும் காட்டச் சொல்லிப் பழைய பாக்கி இல்லையென்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தம் எழுதி ஸ்டாம்ப் அடிக்கச் சொன்னால், "நம்மாளுங்கதானே, எதுக்கு" என்று சிலர் சிரிப்பார்கள். நீங்களும் சிரித்துக்கொண்டே அடித்துவிடுங்கள்.

வீடு பார்க்கும்போது இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, பின்புறக் கால்வாய். மாலையில் மழை இங்கே மளமளவென்று கொட்டும். தண்ணீர் எந்த மட்டம் வரை ஏறியிருக்கிறது என்பது சுவரில் தெரியும். இன்னொன்று, செம்பனைக்கு ஒட்டிய கடைசி வரிசை வீடு. காற்று நன்றாக இருக்கும், வாடகையும் குறையும். ஆனால் குரங்கு வரும், பாம்பும் வரும், இரவில் காட்டுப்பன்றி குப்பைத்தொட்டியைக் கவிழ்த்துவிட்டுப் போகும். மூடி இறுக்கமாக உள்ள தொட்டி வாங்கிக்கொண்டால் அந்த வரிசையிலேயே குடியிருக்கலாம் என்பது என் கட்சி.

சுங்கை சிப்புட் நிர்வாகத்தில் கோலகங்சார் மாவட்டத்தைச் சேர்ந்தது. குப்பை, கால்வாய், தெருவிளக்கு பற்றிய புகார்கள் கோலகங்சார் நகராண்மைக் கழகத்துக்குத்தான் போகும். ஈப்போ பக்கம் என்று நினைத்து ஈப்போ மாநகர் மன்றத்துக்கு எழுதினால் பதில் வராது. மைகாட் அடையாள அட்டையில் முகவரியை மாற்றும் வேலையையும் தள்ளிப்போடாதீர்கள். பிள்ளையைப் பள்ளியில் பதியும்போது அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

உடம்புக்கு முடியவில்லையென்றால் அரசாங்கக் கிளினிக் இருக்கிறது, டவுனிலேயே மருத்துவமனையும் இருக்கிறது. குடிமக்களுக்கு வெளிநோயாளர் கட்டணம் 1 வெள்ளி (ரிங்கிட்). காலையில் சீக்கிரம் போய் எண் எடுத்துவிட வேண்டும். நிபுணர் பார்க்க வேண்டிய நோயென்றால் ஈப்போவில் உள்ள ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்குக் கட்டணம் பலமடங்கு; கடவுச்சீட்டையும் முதலாளி எடுத்துக் கொடுத்த காப்புறுதி அட்டையையும் கையோடு கொண்டு போங்கள். அவசரத்துக்கு 999. கரண்ட் போனால் 15454.

போகவர: மோட்டார் இல்லாமல் முடியாது

இதைச் சுற்றிவளைத்துச் சொல்லத் தேவையில்லை. சுங்கை சிப்புட்டில் வாழ ஒரு மோட்டார் சைக்கிளாவது வேண்டும். தாமானிலிருந்து டவுனுக்கு நடக்கலாம் என்று வரைபடம் சொல்லும். நண்பகல் வெயிலில், நடைபாதை இல்லாத சாலை ஓரத்தில், செம்பனைக் குலை ஏற்றிய லோரி உரசிக்கொண்டு போகும்போது அந்த ஆசை போய்விடும். இங்கே பிள்ளையை ஏற்றிக்கொண்டு பள்ளிக்குப் போகும் அம்மாவிலிருந்து காய்கறி வாங்கி வரும் தாத்தா வரை எல்லோரும் மோட்டாரில்தான். கப்சாய் என்கிற சின்ன மோட்டார், பழையது ஒன்று போதும். உதிரிப்பாகம் எந்தப் பட்டறையிலும் கிடைக்கும்.

உரிமம், சாலை வரி, காப்புறுதி மூன்றும் சரியாக இருக்கட்டும். இந்திய உரிமத்தை வைத்துக்கொண்டு அப்படியே ஓட்டலாம் என்று கூட வேலை செய்கிறவர் சொன்னால் கேட்காதீர்கள். ஜேபிஜே என்கிற சாலைப் போக்குவரத்து இலாகா அலுவலகத்தில் தெளிவாக விசாரித்த பிறகு சாவியைத் தொடுங்கள். பெட்ரோல் போடப் போகும்போது குடிமக்கள் மைகாட்டைக் கொண்டுபோக வேண்டும். 2025 செப்டம்பர் கடைசியில் தொடங்கிய பூடி 95 திட்டத்தில் அரசாங்க மானிய விலை அந்த அட்டை வழியாகத்தான் கிடைக்கிறது.

தோட்டத்துப் பாதையில் ஓட்டுவதற்கு ஒரு பக்குவம் உண்டு. லோரியிலிருந்து உதிர்ந்த செம்பனைப் பழம் சாலையில் நசுங்கிக் கிடக்கும். மழைக்குப் பிறகு அதன்மேல் டயர் ஏறினால் எண்ணெயில் வழுக்குவது போலத்தான். வளைவில் வேகத்தைக் குறையுங்கள். செம்மண் பாதையில் காவல் கொட்டகையும் தடுப்புக் கட்டையும் இருந்தால் அது கம்பெனி நிலம். நின்று, எங்கே போகிறீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள். கோயிலுக்கு என்றால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். இருட்டிய பின் தெரியாத தோட்டப் பாதையைக் குறுக்கு வழியாக எடுக்க வேண்டாம். வரைபடச் செயலி அதைப் பாதை என்று காட்டும், ஆனால் பாலம் அடித்துக்கொண்டு போயிருப்பது அதற்குத் தெரியாது.

பேருந்து? ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் இடையே ஓடும் பேருந்து நம் டவுன் வழியாகப் போகிறது. ஈப்போவில் அது மேடான் கிட் நிலையத்துக்குப் போகும். தூரப் பயணப் பேருந்துகள் நிற்கும் அமான்ஜெயா முனையம் வேறு இடம், பண்டார் மேரு ராயாவில் இருக்கிறது. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டு டிக்கெட்டை விட்டவர்கள் உண்டு. உள்ளூர் பேருந்தின் நேரத்தை ஓட்டுநரிடமே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது, கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்பதையும் சேர்த்து. செயலியில் கூப்பிடும் கிராப் வாடகைக் கார் கிடைக்கும், ஆனால் இரவிலும் மழையிலும் அதை நம்பி வெளியே நிற்காதீர்கள். பக்கத்து வீட்டில் காடி (கார்) வைத்திருப்பவர் யார், அவசரத்துக்குக் கூப்பிட்டால் வருவாரா என்பதைக் குடிவந்த வாரத்திலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

ரயில்தான் இந்த ஊருக்குக் கிடைத்த பெரிய வரம். 2010-இல் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இடையே ஓடத் தொடங்கிய ஈ.டி.எஸ். மின்ரயில் 2015-இல் பாடாங் பெசார் வரை நீண்டது. அந்தத் தடத்தில் நம் நிலையமும் இருக்கிறது. எல்லா ரயிலும் இங்கே நிற்காது; பதிவு செய்யும்போது சுங்கை சிப்புட் என்று தேர்ந்தெடுத்துப் பாருங்கள், நிற்பவை மட்டும் வரும். நேரம் ஒத்துவரவில்லையென்றால் ஈப்போவில் இறங்கி ஏறலாம். டிக்கெட்டை ரயில் நிறுவனத்தின் கேடிஎம்பி செயலியில் முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும். தீபாவளி, சீனப் பெருநாள், நோன்புப் பெருநாள் சமயத்தில் விற்பனை திறந்த கையோடு தீர்ந்துவிடும். கோலாலம்பூரில் வேலை, வாரக் கடைசியில் மட்டும் வீடு என்று இருப்பவர்கள் ஊரில் நிறையப் பேர். வெள்ளி இரவும் ஞாயிறு மாலையும் அவர்களுடையவை.

காடி வைத்திருப்பவர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு. ஈப்போவுக்கு முதலாம் சாலையே போதும், நெடுஞ்சாலை தேவையில்லை. வழியில் காந்தான் சுண்ணாம்பு மலையும் சிமெண்டுத் தொழிற்சாலையும் வரும். அங்கே லோரிகளுக்குப் பின்னால் பொறுமையாகப் போங்கள்.

சாப்பாடும் சந்தையும்

விடியற்காலையில் ரப்பர் மரம் சீவப் போகிறவர்களுக்காகத் திறந்த பழக்கம் இன்னும் போகவில்லை. சாப்பாட்டுக் கடைகள் சீக்கிரமே அடுப்பைப் பற்றவைத்துவிடும். ரொட்டி சானாய், தோசை, நாசி லெமாக் எல்லாம் காலையில்தான் நன்றாக இருக்கும். தே தாரிக் என்கிற பால் தேநீரில் சீனி தாராளமாக இருக்கும். குறைவாக வேண்டுமானால் "குராங் மானிஸ்" என்று சொல்லுங்கள். நண்பகலுக்கு வாழை இலைச் சாப்பாடு. சீனக் கோப்பிக் கடையிலும் போய் உட்காருங்கள். மாட்டிறைச்சி, பன்றி பற்றிய கவலை உள்ளவர்கள் கேட்டுவிட்டு வாங்கலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

காலைச் சந்தைக்கு ஏழு மணிக்குள் போனால்தான் மீன் நன்றாகக் கிடைக்கும். முருங்கைக்கீரை, வாழைப்பூ, பலாக்கொட்டை போன்றவற்றைச் சந்தைக்கு வெளியே தரையில் விரித்து விற்கும் பாட்டிகளிடம் வாங்குங்கள். பெரும்பாலும் வீட்டுக் கொல்லையில் விளைந்தவை. பசார் மாலாம் என்கிற இரவுச் சந்தை எந்தக் கிழமை எந்த இடத்தில் என்பதைப் பக்கத்து வீட்டில் கேட்டுக்கொள்ளலாம். கடைகளில் ஃபோனில் கியூஆர் காட்டிப் பணம் கட்டிவிடலாம், பாட்டிகளிடம் சில்லறைதான். தோட்டங்களில் சம்பளம் போட்ட வாரக் கடைசியில் வங்கி இயந்திரத்தில் வரிசை நீளும், அன்று டவுனில் வண்டி நிறுத்த இடம் கிடைப்பதும் கஷ்டம்.

ஊருக்குள் பொழுது

சினிமா, பெரிய பேரங்காடி எல்லாம் ஈப்போவில்தான். அதை ஒருமுறை ஒப்புக்கொண்டுவிட்டால் மனம் நிம்மதியாகிவிடும். ஊருக்குள் செய்ய வேறு காரியங்கள் உண்டு.

முதலில் மகாத்மா காந்தி கலாசாலையைப் பாருங்கள். 1954-இல் காந்தியின் பெயரில் எழும்பிய தமிழ்ப்பள்ளி. அதைத் திறந்து வைத்தவர் விஜயலட்சுமி பண்டிட், நேருவின் தங்கை. ஒரு தோட்டப்புற டவுனுக்கு அவ்வளவு பெரிய ஆளை வரவழைத்த அன்றைய தமிழர்களின் துணிச்சலை நினைத்தால் இன்றும் பிரமிப்புதான். பிள்ளைகள் உள்ளவர்கள் பள்ளியில் நடக்கும் விளையாட்டு, பொங்கல் நிகழ்ச்சிகளுக்குப் போங்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஒருமுறை தலைகாட்டினால் ஊரில் பாதிப்பேர் பழக்கமாகிவிடுவார்கள்.

துன் சம்பந்தனின் ஊரும் இதுதான். மலேசிய இந்தியர் காங்கிரஸ் (ம.இ.கா.) கட்சியின் தலைவராக 1955 முதல் 1973 வரை இருந்தவர். வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுக் கிளம்ப, தொழிலாளர்கள் வேலையும் வீடும் இல்லாமல் நின்ற காலம் அது. அப்போது ஆளுக்குப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தொழிலாளர்களே தோட்டம் வாங்கலாம் என்று 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். கோப்பிக் கடையில் பெரியவர் ஒருவருடன் உட்கார்ந்து அந்தப் பத்து வெள்ளியைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். அரசியலில் எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் அதற்கு ஒரு கதை வைத்திருப்பார். நேரத்தைப் பார்க்காமல் கேட்க வேண்டும்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு மோட்டாரை எடுத்துக்கொண்டு கிழக்கே லிந்தாங், லாசா பக்கம் போங்கள். வெயில் ஏறுமுன் அந்தச் சாலையில் போவது சுகம். ஒரு பக்கம் செம்பனை, தூரத்தில் மலைத்தொடர், இடையிடையே சீனப் புதுக்கிராமம், மலாய்க் கம்பம் (கிராமம்), அதற்கும் உள்ளே தெமியார் பூர்வகுடி மக்களின் குடியிருப்புகள். எல்பில் தோட்டமும் இந்தக் கிழக்குப் பக்கம்தான். 1948 ஜூன் 16 அன்று காலை எல்பிலிலும் பின் சூன் தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். இரண்டே நாளில் மலாயா முழுக்க அவசரகாலம் அறிவிக்கப்பட்டு, அது 1960 வரை நீடித்தது. முள்வேலிக்குள் அடைக்கப்பட்ட கிராமங்களும் ஊரடங்கும் அரிசிக் கட்டுப்பாடும் அதற்குப் பின்னால் வந்தவை. இன்றைக்கு அங்கே போனால் அதற்கான ஆர்ப்பாட்டம் எதுவும் இருக்காது, செம்பனைதான் இருக்கும். இருந்தாலும் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்து நிற்பது வேறு. பூர்வகுடி கிராமங்களுக்குள் அழைப்பில்லாமல் நுழைந்து படம் எடுக்காதீர்கள்.

வடக்கே ஒரு நாள், தெற்கே ஒரு நாள்

விருந்தாளி வந்தால் முதலில் கோலகங்சாருக்குக் கூட்டிப்போங்கள், அரைமணிப் பயணம்தான். போகும் வழியில் காராய் பக்கம் விலகினால் பேராக் ஆற்றின்மேல் விக்டோரியா பாலம். 1900-இல் கட்டி முடித்த ரயில் பாலம். ரயில் இப்போது பக்கத்துப் புதிய பாலத்தில் போகிறது; பழையதில் நடந்து பார்க்கலாம். செங்கல் தூண்களுக்கும் இரும்புக் கூட்டுக்கும் மாலை வெளிச்சம் நன்றாக இருக்கும்.

கோலகங்சாரில் எல்லோரும் 1917-இல் முடிந்த உபுடியா பள்ளிவாசலையும், ஆணி அடிக்காமல் கட்டிய மர அரண்மனை இஸ்தானா கெனாங்கானையும் பார்ப்பார்கள். நாம் கட்டாயம் பார்க்க வேண்டியது மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் வேலி போட்டு நிற்கும் ரப்பர் மரம். 1877-இல் இந்த ஊருக்கு வந்த முதல் நாற்றுகளில் மிஞ்சியது. நம் தாத்தா பாட்டிகள் கப்பல் ஏறியதற்கான காரணமே அதுதான் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். பிறகு ஆற்றங்கரையில் லக்சா நூடுல்ஸ், வீட்டுக்கு லாபு சாயோங் என்கிற மண் கூஜா ஒன்று.

தெற்கே ஈப்போவுக்குப் போகும்போது நகரத்துக்குள் நுழையுமுன்பே, கோலகங்சார் சாலையில், பேராக் தோங் குகைக் கோயில் வரும். 1926-இல் தொடங்கிய சீன பௌத்தக் கோயில். உள்ளே படியேறினால் மலைக்கு வெளியே எட்டிப் பார்க்கலாம். முட்டிவலி உள்ளவர்கள் கீழேயே இருந்துகொள்ளட்டும். தம்பூனில் பொமெலோ (பம்பளிமாஸ்) வாங்கலாம், புந்தோங்கில் கச்சாங் பூத்தே. முறுக்கு, ஓமப்பொடி, வறுத்த கடலை வகைகளை அங்கே எடை போட்டு வாங்கிப் பழகிவிட்டால் பேரங்காடிப் பொட்டலம் பிடிக்காமல் போய்விடும்.

இன்னும் தெற்கே போக நேரமிருந்தால் பத்து காஜா பக்கம் கெல்லி மாளிகை. ரப்பர் முதலாளி வில்லியம் கெல்லி ஸ்மித் 1926-இல் இறந்துபோக, பாதியில் நின்ற கட்டடம். மாளிகையை விட எனக்குப் பிடித்தது அதற்கு அருகில் உள்ள மாரியம்மன் கோயில். தொழிலாளர்கள் காய்ச்சலில் மடிந்தபோது அவர்கள் கேட்டுக்கொண்டபடி துரையே கட்டிக் கொடுத்தது. கோயில் கூரையில் சாமி சிலைகளோடு துரையின் உருவத்தையும் நிறுத்தியிருக்கிறார்கள். தலையை நன்றாகத் தூக்கித் தேட வேண்டும்.

கோயில், திருவிழா

ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு மாரியம்மனோ காளியம்மனோ முனீஸ்வரரோ உண்டு. தோட்டம் கலைந்து ஆட்கள் தாமானுக்குப் போன பிறகும் திருவிழாவுக்கு மட்டும் ஷா ஆலாமிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்து கூடுகிறார்கள். உள்ளூரில் பழக இதைவிட நல்ல வழி கிடையாது. அழைப்பிதழ் வந்தால் போங்கள், வராவிட்டாலும் போகலாம். அன்னதானத்தில் காய் நறுக்கவும் இலை போடவும் எப்போதும் ஆள் போதாது, புதியவர் என்று யாரும் தள்ளி வைக்க மாட்டார்கள். தீமிதி அன்று செருப்பை எங்கே விட்டீர்கள் என்பதை மட்டும் மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

தைப்பூசத்துக்குப் பேராக்கில் பொது விடுமுறை. ஈப்போ கல்லுமலை முருகன் கோயிலுக்குப் புந்தோங் மாரியம்மன் கோயிலிலிருந்து காவடிகள் வரும். நம் ஊரிலிருந்து போகிறவர்கள் காடியைக் கல்லுமலைக்கு அருகே கொண்டுபோகவே முயல வேண்டாம், சாலைகள் அடைபட்டிருக்கும். தூரத்தில் நிறுத்திவிட்டு நடங்கள், அல்லது காலை ரயிலில் ஈப்போவுக்குப் போங்கள். பிள்ளைகளின் சட்டைப்பையில் உங்கள் ஃபோன் எண்ணை எழுதி வையுங்கள். திரும்பும் ரயிலுக்கு டிக்கெட்டை ஒரு வாரம் முன்பே எடுத்துவிடுங்கள். அன்று மாலை நிலையத்தில் வாங்கிக்கொள்ளலாம் என்று போனால் கிடைக்காது.